பிழையா, வழக்கா? – பேராதனைத் தமிழாசிரியர் இருவரின் மொழிக்கல்வி நம்பிக்கைகள்

1

மொழியாசிரியர் ஒவ்வொருவரிடத்தும் மொழி பற்றியும் கற்றல் பற்றியும் ஒரு கொள்கை உண்டு. அதனை அவர் நூலாக எழுதியிருக்க வேண்டுமென்பதில்லை. தம்மிடம் அத்தகைய கொள்கையொன்று உண்டென்பதை அவர் அறிந்திருக்க வேண்டுமென்பதுமில்லை. மாணாக்கரின் அப்பியாசக் கொப்பியில் எவ்விடத்திற் சிவப்பு மை விழுகின்றது, எவ்விடத்தில் விழாது போகின்றது என்பதை நோக்கினால் அக்கொள்கை தானே புலனாகும். மொழி என்பது யாது, மாணாக்கர் வகுப்பறைக்குள் நுழையும்போது எதனைக் கொண்டு வருகின்றனர், பிழை என்பது யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறிவிட்ட பின்னரே அந்த மை கொப்பியைத் தொடுகின்றது.

தமிழ் மரபில் இவ்வினாக்கள் புதியனவல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் உவமைகளால் வகுத்துரைக்கின்றது. நல்லாசிரியருக்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமையாகின்றன. ஆசிரியராதற்குத் தகாதவருக்குப் பஞ்சு அடைத்த குடுவை ஓர் உவமை. பஞ்சு சிறிது சிறிதாக உள்ளே திணிக்கப்பட்டுச் சிறிது சிறிதாகவே வெளியே எடுக்கப்படுவது போல அவர் கற்றதும் கற்பிப்பதும் அமையும். மாணாக்கருள் தலையானோர் அன்னத்தையும் பசுவையும் ஒப்பர். இடைப்பட்டோர் மண்ணையும் கிளியையும் ஒப்பர். கடைப்பட்டோர் ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் எருமையையும் நெய்யரியையும் ஒப்பர்.

இவை கூர்மையான உவமைகள். வகுப்பறையில் நின்று பழகிய எவரும் இவற்றின் உண்மையை மறுக்கமாட்டார். ஆயினும் இவை பெரும்பாலும் கொடுப்போரின் வண்மையையும் கொள்வோரின் கொள்ளளவையும் அளப்பன. மாணாக்கர் வீட்டிலிருந்து ஒரு மொழியைத் தம்முடன் கொண்டு வருகின்றனர், அம்மொழிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்னும் எண்ணத்துக்கு இவ்வுவமைகளில் இடமில்லை. நன்னூலார் வகுத்தது செய்யுளும் இலக்கணமும் கற்க முற்பட்டோருக்கான முறையாதலின் அந்நூலைப் பொறுத்தவரை இது குறையாகாது. அம்முறை சிறுபிள்ளையின் கட்டுரைக் கொப்பிக்கு அப்படியே இடம்பெயரும்போதுதான் குறை தோன்றுகின்றது.

ஆசிரியரின் இத்தகைய நம்பிக்கைகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை மேனாட்டுக் கல்வியாய்வாளர் பலர் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975ஆம் ஆண்டு பாடசாலை ஆசிரியர் பற்றி வெளியிட்ட நூலில், ஒருவர் ஆசிரியராவதற்கு முன்னர் மாணவராக இருந்து தம் ஆசிரியரை அவதானித்த ஆண்டுகளே அவருடைய முதற் பயிற்சிக்காலம் என்று காட்டினார். மொழியாசிரியரின் சிந்தனை பற்றிய ஆய்வுகளைச் சைமன் போர்க் 2003ஆம் ஆண்டு தொகுத்து நோக்கியபோதும், தாம் மொழி கற்ற முறையே ஆசிரியரின் கற்பித்தலில் ஆழமாகப் பதிந்திருத்தல் புலனாயிற்று. திருத்தப்பட்டவர் அதே முறையில் திருத்துகின்றார். அவராற் திருத்தப்படுவோர் பின்னர் தாமும் ஆசிரியராகின்றனர். இச்சங்கிலி எங்கேனும் அறுபட வேண்டுமாயின், அது ஆசிரியர் உருவாகும் இடத்திலேயே அறுபடுதல் இயலும். ஈழத்தைப் பொறுத்தவரை அத்தகைய இடங்களுள் முதன்மையானது பேராதனை. அங்குத் தமிழ் கற்பித்த க. கணபதிப்பிள்ளை, எம். ஏ. நுஃமான் ஆகிய இருவரின் மொழிக்கல்வி நம்பிக்கைகள் அவர்தம் ஆக்கங்களிற் புலப்படுமாற்றையும், அவற்றின் பயனையும் எல்லையையும் மதிப்பிடுதல் இங்கு நோக்கமாகும்.

2

இம்மதிப்பீட்டுக்குக் கண்டியும் அதன் சுற்றுப்புறமும் தக்க உரைகல்லாக அமைகின்றன. ஈழத்தின் தமிழ்ப் பேச்சு வழக்குகள் பல ஒருங்கே கேட்கும் நிலம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய பகுதிகளில் வாழ்கின்றனர். அக்குறணை, மடவளை, கல்ஹின்னை முதலிய ஊர்களிலே முஸ்லிம் மக்கள் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டு வாழ்கின்றனர். 1882ஆம் ஆண்டு ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவரும், 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டவருமான சித்தி லெப்பை கண்டியிற் பிறந்தவரே. இவர்களோடு, தொழில் நிமித்தமும் கல்வி நிமித்தமும் வந்த யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பினரும் இந்நகரிற் சேர்ந்தனர். 1952ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்ததன் பின்னர் இவ்வழக்குகள் யாவும் ஒரே விரிவுரை மண்டபத்துள் அருகருகே அமரலாயின.

இவ்வழக்குகளின் வேறுபாடு சொற்களில் மட்டும் தங்குவதன்று. வாக்கிய அமைப்பிலும் அது உண்டு. நேற்று ஒருவர் வந்த செய்தியை யாழ்ப்பாணத்து மாணவர் “அவர் நேற்று வந்தவர்” என்பார். தோட்டப்புறத்து மாணவர் “அவரு நேத்து வந்தாரு” என்பார். கண்டிச் சீமையின் முஸ்லிம் மாணவரிடத்து “அவர் நேத்து வந்த” என்னும் வடிவம் கேட்கக் கூடும். தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சில் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியின்றி வருவதுண்டு. ஆதலின் “நான் வந்த”, “நீங்க வந்த”, “அவர் வந்த” என எழுவாய் மாறினும் வினை மாறாது நிற்கும். அருகில் வழங்கும் சிங்களப் பேச்சுமொழியிலும் நிலைமை இதுவே. “மம கியா” என்றால் நான் போனேன்; “எயா கியா” என்றால் அவர் போனார். வினை ஒன்றே. சிங்கள எழுத்து மொழியிலோ எழுவாய்க்கேற்ப வினை மாறும்.

இம்மூன்று வாக்கியங்களும் எழுத்துத் தமிழினின்று வெவ்வேறு வகையில் விலகுவன. எழுத்து வழக்கு வேண்டுவது “அவர் நேற்று வந்தார்” என்னும் வடிவம். தோட்டப்புறத்து வாக்கியம் அவ்வடிவத்துக்கு மிக அண்மையிலுள்ளது. ஒலி வேறுபாட்டை நீக்கினால் எழுத்து வடிவம் கிடைத்துவிடும். யாழ்ப்பாணத்து வாக்கியத்தில் வினைமுற்றின் இடத்தை வினையாலணையும் பெயர் பெற்றுள்ளது. முஸ்லிம் வழக்கில் வினைமுற்றின் விகுதியே இல்லை. ஆயினும் ஈழத்துத் தமிழ்ப் புலமை மரபு நெடுங்காலம் யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்டிருந்தமையால், “வந்தவர்” என்பது பண்டிதரின் செவிக்கு உறுத்தவில்லை. பெயர்ப் பயனிலை என்று அதனை வகைப்படுத்தவும் இலக்கணத்தில் இடமிருந்தது. “வந்தாரு” என்பது கொச்சையாகக் கேட்டது. “வந்த” என்பது முடிவு பெறாத எச்சமாகத் தோன்றியது. எழுத்து வழக்குக்கு மிக அண்மையிலுள்ள வாக்கியம் கொச்சை எனப்பட்டு, அதனினும் விலகிய வாக்கியம் இயல்பாகக் கொள்ளப்பட்டமை சிந்திக்கத்தக்கது. பிழை என்னும் தீர்ப்புக்கு இலக்கணத்தோடு திருத்துவோரின் செவிப்பழக்கமும் காரணமாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968) வடமராட்சியின் புலோலியிற் பிறந்தவர். இலண்டனில் ஆராய்ந்து 1935ஆம் ஆண்டு கலாநிதிப் பட்டம் பெற்றவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள் 1947இல் மறைந்ததன் பின்னர் அப்பதவியை ஏற்று 1965 வரை வகித்தவர். தமிழ்த்துறை பேராதனையில் வேரூன்றியது அவருடைய தலைமையிலாகும்.

அவர் ஆராய்ந்த பொருள் அவருடைய மொழிநோக்கை அறிவதற்கு ஒரு திறவுகோலாகும். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளின் தமிழ்க் கல்வெட்டு மொழியை அவர் ஆராய்ந்தார். கல்வெட்டின் மொழி செய்யுள் மொழியன்று. நிலக்கொடை, நீர்ப்பங்கீடு, விளக்கெரித்தற்கான பொன் ஆகியவற்றைப் பதிவு செய்யும் அம்மொழியில், இலக்கண நூல் விதித்தவற்றினின்று விலகிய எழுத்துக்களும் வடிவங்களும் இடையிடையே வரும். இலக்கணப் புலவர் அவற்றைச் சிற்பியின் பிழையென்று ஒதுக்கிவிடக் கூடும். மொழிவரலாற்று ஆய்வாளருக்கோ அந்தப் ‘பிழை’யே பெருஞ்சான்று, ஒரு காலத்து மக்களின் உச்சரிப்பு அங்கேதான் வெளிப்படுகின்றது. பிழையைச் சான்றாக நோக்கப் பழகிய ஒருவர், தம் ஊராரின் பேச்சையும் தம் மாணவரின் பேச்சையும் புதிய செவியாற் கேட்டிருத்தல் இயல்பே.

அந்தச் செவியின் விளைவுகளே அவருடைய நாடகங்கள். 1940இல் ‘நானாடகம்’ என்னும் தொகுதியும், பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்த 1952ஆம் ஆண்டிலேயே ‘இரு நாடகம்’ என்னும் தொகுதியும் வெளிவந்தன. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பேச்சு அவற்றில் ஏறத்தாழ உள்ளவாறே இடம்பெற்றது. செந்தமிழிலோ மேடைக்கெனப் புனையப்பட்ட செயற்கை நடையிலோ பாத்திரங்கள் பேசுவதே வழக்கமாயிருந்த காலத்தில், தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வீட்டுமொழியை அச்சிலேற்றியமை வெறும் நாடக உத்தியாக மட்டும் கொள்ளத்தக்கதன்று. மாணவரே அந்நாடகங்களை நடித்தனர். வகுப்பிற் தொல்காப்பியம் கேட்டவர் மாலையில் மேடையேறித் தம் தாய் பேசும் சொற்களைப் பேசினார். உயர்கல்விக்குரிய மொழியும் வீட்டுக்குரிய மொழியும் ஒருவரிடத்தே பகையின்றி வாழலாம் என்னும் பாடம் சொல்லாமற் சொல்லப்பட்டது.

எனினும் அப்பாடம் மேடையோடு நின்றது என்பதையும் கூறல் வேண்டும். மேடையிற் பெருமை பெற்ற பேச்சுமொழி பரீட்சை மண்டபத்துக்குள் நுழையவில்லை. நுழைதல் வேண்டுமென்றும் எவரும் கருதவில்லை. வகுப்பறையை ஆண்டது இலக்கியமும் அதன் வரலாறுமாகும். அத்துறையில் வி. செல்வநாயகத்தின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ (1951) ஒப்பற்ற பணியாற்றியது. சங்க காலம் முதல் ஐரோப்பியர் காலம் வரை இலக்கியத்தை அவ்வக்கால அரசியல், சமுதாயப் பின்னணியில் வைத்து விளக்கிய அந்நூல், செய்யுளை நெட்டுருச் செய்வோரைச் செய்யுள் பற்றிச் சிந்திப்போராக மாற்ற முயன்றது. தமிழ் கற்றல் என்பது இலக்கியம் கற்றலே என்னும் நம்பிக்கையோ அதனால் மேலும் உறுதி பெற்றது. மேலும், கணபதிப்பிள்ளையின் நாடகங்களிற் பெருமை பெற்றது யாழ்ப்பாணத்துப் பேச்சு மட்டுமே. தம் ஊரின் வழக்கை எழுதுதல் நாடகாசிரியருக்கு உரிமை. அவரைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயினும் பேராதனையைச் சூழ்ந்த தோட்டங்களின் பேச்சும் முஸ்லிம் கிராமங்களின் பேச்சும் அந்த மேடையிற் கேட்கவில்லை என்பது மதிப்பீட்டிலிருந்து விலக்கத்தக்கதன்று.

4

பேச்சுமொழி பற்றிய வினா 1960களின் தொடக்கத்தில் மேடையை விட்டு வெளியேறிப் பெரும் விவாதமாயிற்று. முற்போக்கு எழுத்தாளர் தம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் உழைக்கும் மக்களின் பேச்சைக் கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று கண்டித்தனர். இலக்கிய வரலாற்றிலே மரபுப் போராட்டம் என்று அறியப்படும் இவ்விவாதத்தை வகுப்பறையோடு சேர்த்து நோக்கியோர் சிலரே. ஒரு வழக்கு இழிந்தது என்னும் தீர்ப்பு, அவ்வழக்கைப் பேசும் பிள்ளை இழிந்த குடியிற் பிறந்தது என்னும் தீர்ப்பாகவும் அமைகின்றது. எழுத்தாளர் சஞ்சிகையில் விடை எழுதலாம். கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கோ வாய்மூடுதல் ஒன்றே விடை. பேசினாற் திருத்தப்படும் என்று அஞ்சும் பிள்ளை பேசாது. பேசாத பிள்ளைக்கு எழுத்தும் எளிதில் வாராது.

இலக்கியத்தில் அவ்விவாதம் எழுத்தாளர் பக்கமே சாய்ந்தது. கல்வியில் அதன் விளைவைக் காண்பதற்கு இன்னும் ஒரு தலைமுறை செல்ல வேண்டியிருந்தது. அவ்வகையில் நோக்கத்தக்கவர் எம். ஏ. நுஃமான். 1944ஆம் ஆண்டு கல்முனைக்குடியிற் பிறந்த அவர் கவிஞராகவும் திறனாய்வாளராகவும் முதலில் அறியப்பட்டவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்து, 1990களிற் பேராதனைக்கு வந்து, அங்குத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கி ஓய்வு பெற்றவர். மொழியியல் அவருடைய சிறப்புத் துறை. ‘பாரதியின் மொழிச் சிந்தனைகள்’ (1984), ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ (1999), ‘ஆரம்ப இடைநிலை வகுப்புகளில் தமிழ் மொழி கற்பித்தல்’ (2002), ‘மொழியும் இலக்கியமும்’ (2006) ஆகிய நூல்களை ஒருசேர நோக்குவோருக்கு அவற்றின் ஊடே ஓடும் ஒரு நம்பிக்கை தெளிவாகும். மொழி மாறிக்கொண்டிருப்பது, இலக்கணம் அம்மாற்றத்தை விளக்க வேண்டுவது, மொழிக்கல்வி மாணவரின் மொழியாற்றலை வளர்க்க வேண்டுவது என அதனைச் சுருக்கிக் கூறலாம்.

‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ தற்கால எழுத்துத் தமிழைப் பொருளாகக் கொண்ட நூல். நன்னூலின் மொழி பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குரியது. இன்றைய மாணவர் வாசிப்பதும் எழுதுவதும் இன்றைய தமிழ். இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்ட அளவிலேயே கொப்பியில் விழும் சிவப்பு மையின் அளவு குறைந்துவிடுகின்றது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மரபிலக்கணப்படி அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என ஐந்து வடிவங்கள் வேண்டும். இக்கால எழுத்திலோ ‘அல்ல’ என்பது ஐந்து இடங்களிலும் வழங்குகின்றது. “அவர் ஆசிரியர் அல்ல” என்று எழுதிய மாணவரின் விடைத்தாளிற் கோடிழுக்கும் ஆசிரியர், அம்மாணவர் நாள்தோறும் வாசிக்கும் செய்தித்தாள் முழுவதையும் பிழையென்று கூறியவராகின்றார். தற்கால வழக்கைச் சான்றாகக் கொள்ளும் ஆசிரியர் கோடிழுக்கமாட்டார். ஐந்து வடிவங்களையும் பழைய நூல்களிலும் செறிந்த உரைநடையிலும் காணலாம் என்று விளக்கி, எங்கு எது பொருந்தும் என்று காட்டுவார். முன்னவரின் மாணவர் ஒரு விதியை அஞ்சக் கற்பர். பின்னவரின் மாணவர் ஒரு நடையைத் தெரிந்தெடுக்கக் கற்பர்.

மொழி கற்பித்தல் வேறு, இலக்கியம் கற்பித்தல் வேறு என்னும் தெளிவும் இந்நோக்கின் பயனாகும். க. பொ. த. சாதாரண தரத்திற் பாடத்தின் பெயரே ‘தமிழ்மொழியும் இலக்கியமும்’ என்பதாகும். இரண்டையும் இணைத்த ‘உம்’ அவற்றைச் சமமாகக் காட்டினும், ஆசிரியரின் நம்பிக்கை இலக்கியத்தின் பக்கம் நிற்குமாயின் மொழிக்குரிய பாடவேளையும் செய்யுள் விளக்கமாக மாறிவிடும். கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் ஆகிய திறன்களைத் தனித்தனியே நோக்கி வளர்த்தற்குரிய நேரம் அங்கு எஞ்சுவதில்லை. தாம் இலக்கியத்தால் ஈர்க்கப்பட்டே தமிழாசிரியரானவருக்கு இது குறையாகவும் தோன்றாது. நுஃமானோ தாமே கவிஞர். கவிதையைப் பேச்சோசைக்கு அண்மையிற் கொணர்ந்த மஹாகவியின் வழியிற் காலூன்றியவர். இலக்கியச் சுவை அறிந்த ஒருவரே மொழிக்கல்விக்குத் தனியிடம் வேண்டினமையால் அவர் கூற்றை இலக்கிய வெறுப்பென்று ஒதுக்குதல் எவருக்கும் இயலாதாயிற்று.

5

இனி, இந்நம்பிக்கைகளை முன்னர் காட்டிய மூன்று வாக்கியங்களோடு பொருத்தி நோக்குதல் வேண்டும். கணபதிப்பிள்ளையின் வழி நிற்கும் ஆசிரியர் அம்மூன்றையும் மதிப்பார். நுஃமானின் வழி நிற்கும் ஆசிரியர், மூன்றுக்கும் பொதுவான இலக்காக அமைவது தற்கால எழுத்துத் தமிழே என்று உணர்வார். முன்னது மாணவர் புறப்படும் இடத்தை மதிக்கின்றது. பின்னது சேரும் இடத்தைத் தெளிவுபடுத்துகின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி யாது என்பதே எஞ்சும் வினா.

இவ்வினா எளியதன்று. “போனாரு” என்று எழுதும் தோட்டப்புறப் பிள்ளைக்கு வேண்டியது சிறிதளவு பயிற்சியே. வினையின் விகுதி அப்பிள்ளையின் பேச்சில் ஏற்கெனவே உள்ளது. ஒலியளவில் நேரும் மாற்றத்தைக் காட்டினாற் போதும். “நேற்று நாங்கள் போன” என்று எழுதும் முஸ்லிம் பிள்ளையின் நிலை வேறு. எழுவாய்க்கேற்ப வினை மாறும் என்னும் ஒழுங்கையே அப்பிள்ளை புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. அதற்குச் சில திங்கள் தொடர்ந்த பயிற்சியும் தன்மை, முன்னிலை, படர்க்கை வடிவங்களை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பும் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ “போனவர்” என்பதைப் பெயராக எங்கே எழுதலாம், வினைமுற்றாக எங்கே எழுதலாகாது என்னும் வேறுபாடு காட்டப்படல் வேண்டும். மூவர் கொப்பியிலும் ஒரே சிவப்புக் கோடு விழுமாயின், மூன்று வேறு நோய்களுக்கு ஒரே மருந்து கொடுத்தது போலாகும். மூன்றிலும் கோடு விழாது விடப்படுமாயினும் நிலைமை சீராகாது.

இந்த இடத்திலேதான் பேச்சுமொழிக்கு மதிப்பளித்தல் என்னும் நம்பிக்கையின் எல்லை தெரிகின்றது. பிள்ளையின் வழக்கு பிழையன்று என்று அறிந்தமையால் மட்டும் ஆசிரியர் அப்பிள்ளைக்கு எழுத்து மொழியைக் கற்பித்துவிட இயலாது. அவ்வழக்கின் இலக்கணம் அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். தெரியாத நிலையில் அவருடைய மதிப்பு வெறும் இரக்கமாகச் சுருங்கிவிடும். பிள்ளையின் மொழி அழகானது என்று கூறி, அப்பிள்ளையை அம்மொழியோடே நிறுத்திவிடும் இரக்கம் அது. பரீட்சையும் அலுவலகமும் பல்கலைக்கழகமும் எழுத்துத் தமிழையே கேட்கும் நாட்டில் இத்தகைய இரக்கத்தால் விளையும் தீங்கு கண்டிப்பால் விளையும் தீங்கினும் குறைந்ததன்று.

பேராதனையின் ஆங்கிலத்துறையைச் சார்ந்த திரு கந்தையா 1984ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று குறிப்பிடும் வழக்கை எடுத்துக்கொண்டு, மொழி அதிகாரத்தின் கருவியாகும் முறையை அவர் ஆராய்ந்தார். வாளைக் கையிற் கொண்டோர் அது இல்லாதோரை வெட்டி ஒதுக்குகின்றனர். இல்லாதோர் அதனை வெறுக்கவும் செய்கின்றனர், விரும்பவும் செய்கின்றனர். ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட இவ்வுருவகம் தமிழுக்குள்ளும் பொருந்துவதாகும். எழுத்துத் தமிழ் சிலருக்கு வீட்டுக்கு அண்மையிலுள்ளது, சிலருக்குத் தொலைவிலுள்ளது. தொலைவிலுள்ளோருக்கு அது ஒரு சிறு வாளே. அதனை மறைத்து வைத்தலும் அதனைக் காட்டி அச்சுறுத்தலும் ஒரே விளைவைத் தரும். கைப்பிடி எங்குள்ளது என்று காட்டுவதே ஆசிரியர் தொழில்.

நுஃமானின் நூல்கள் அத்தொழிலுக்கு வேண்டிய அடித்தளத்தை இட்டுள்ளன. எழுத்துத் தமிழின் இலக்கணம் தெளிவாக வகுக்கப்படாவிடின் பேச்சு வழக்குகளை எதனோடு ஒப்பிடுவது என்பதே தெரியாது போயிருக்கும். ஆயினும் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ எடுத்துக்கொண்ட பொருள் எழுத்துத் தமிழ் மட்டுமே. பிள்ளையின் பேச்சு ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமுமாக நிறுத்தி ஒப்பிடும் பணி நூலாசிரியரிடமிருந்து வகுப்பாசிரியருக்கு இறங்குகின்றது. அப்பணியை அவர் ஏற்பாரா என்பது அவர் எத்தகைய ஆசிரியரிடம் தமிழ் கற்றார் என்பதைப் பொறுத்திருக்கின்றது. லோர்ட்டி காட்டிய சங்கிலி மீண்டும் இங்கே குறுக்கிடுகின்றது. தற்கால இலக்கணத்தைப் பல்கலைக்கழகத்திற் கற்று, நல்ல பெறுபேறும் பெற்று, பாடசாலைக்குச் சென்றதும் தம் பழைய ஆசிரியரின் சிவப்புப் பேனாவைக் கையிலெடுப்பவர் தாம் கற்றதற்கு மாறாக நடக்கின்றோம் என்று எண்ணுவதில்லை. பல்கலைக்கழகத்திற் கற்றது பாடம். பாடசாலையிற் பட்டது அனுபவம். நெருக்கடியில் அனுபவமே வெல்கின்றது.

ஆகவே நம்பிக்கையை மாற்றுதற்கு நூல் மட்டும் போதாது. புதிய அனுபவமும் வேண்டும். கணபதிப்பிள்ளையின் மாணவருக்கு மேடை அத்தகைய அனுபவமாயிற்று. தம் பேச்சு ஒலித்த மண்டபத்தில் அவர் ஒருமுறை தலைநிமிர்ந்து நின்றார். மொழி பயிலும் மாணவருக்கும் அதனை ஒத்த ஓர் அனுபவம் வாய்த்தல் இயலும். ஹந்தானைத் தோட்டத்துப் பேச்சையும் அக்குறணைப் பேச்சையும் வல்வெட்டித்துறைப் பேச்சையும் அவற்றைப் பேசும் மாணவரே பதிவு செய்து, வினை வடிவங்களை அட்டவணைப்படுத்தி, எழுத்து வழக்கோடு ஒப்பிடுவாராயின், நாளை ஆசிரியராகப் போகும் அவர் தம் வகுப்புப் பிள்ளையின் வாக்கியத்தைக் கேட்கும் செவி மாறிவிடும். இதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டுவதில்லை. ஒரு வகுப்பில் இருபதின்மர் அமர்ந்திருப்பின் அங்கேயே பல வழக்குகள் அமர்ந்திருக்கின்றன.

6

பேராதனைத் தமிழாசிரியர் இருவரின் நம்பிக்கைகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்புவது. கல்வெட்டின் பிழையிற் சான்றைக் கண்டவர் தம் ஊரின் பேச்சுக்கு மேடையளித்தார். மொழியின் மாற்றத்தை இயல்பென்று ஏற்றவர் தற்கால எழுத்துக்கு இலக்கணம் வகுத்தார். இவ்விரண்டையும் பெற்றுக்கொண்ட தலைமுறைக்கு எஞ்சியுள்ள கடன், வீட்டுமொழியிலிருந்து எழுத்து மொழிக்குச் செல்லும் வழியை வழக்குத்தோறும் தனித்தனியே அளந்து வகுத்தலாகும்.

நன்னூலார் மாணாக்கருக்குக் கூறிய உவமைகளுள் மண் என்பது இடைப்பட்டோருக்குரியது. உழுவோர் முயற்சியளவுக்கே மண் விளைவு தரும் என்பது அதன் கருத்து. உழுதொழில் அறிந்தவர் மண்ணைக் கையிலெடுத்துப் பார்க்காமல் ஏர் பூட்டமாட்டார். செம்மண்ணுக்கு ஒரு முறையும் களிமண்ணுக்கு ஒரு முறையும் அவரிடம் உண்டு. விளையவில்லையென்று மண்ணைப் பழிப்பதற்கு முன்னர் அது எத்தகைய மண் என்று அவர் அறிந்திருப்பார். “அவர் நேத்து வந்த” என்று எழுதப்பட்ட கொப்பியின் முன் சிவப்புப் பேனாவுடன் அமரும் ஆசிரியரிடம் வேண்டப்படுவதும் அந்த அறிவேயாகும்.